அடாப்டர் பக்கம் திறக்கவில்லையா? முதலில் ரிசீவரை எடுங்கள்

கேள்வி: வீட்டில் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 இன்டர்நெட் போன் அடாப்டர் இருக்கிறது. அதன் செட்டிங்ஸ் பக்கம் 192.168.1.50 என்ற முகவரியில் திறந்துகொண்டிருந்தது. போன வாரம் ரூட்டரை மாற்றினேன். இப்போது அந்த முகவரியைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கம் வரவில்லை. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கிறது. அடாப்டர் போய்விட்டதா?

பதில்:

போகவில்லை. இந்த மாதிரி இணைப்பில் டயல் டோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை, அந்தக் குட்டிப் பெட்டியே உண்டாக்கித் தருவது. டோன் கேட்கிறதென்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அதன் முகவரிதான் மாறியிருக்கும். 192.168.1.50 என்பது அனேகமாகப் பழைய ரூட்டர் டிஹெச்சிபி (ரூட்டர் தானாகவே எண் ஒதுக்கும் ஏற்பாடு) வழியாகக் கொடுத்த எண். புது ரூட்டர் தன் வரிசையிலிருந்து வேறொன்றைக் கொடுத்திருக்கும்.

புது எண்ணைக் கண்டுபிடிக்கப் பலரும் லேப்டாப்பில் ஸ்கேனர் ஆப் இறக்குகிறார்கள். அதெல்லாம் வேண்டாம். அடாப்டருக்குப் பேசத் தெரியும். அதில் சொருகியிருக்கும் போனை எடுத்து மூன்று முறை ஸ்டாரை அழுத்துங்கள். ஒரு குரல் மெனு எண்ணைக் கேட்கும். 02 அழுத்தினால் ஐபி முகவரியை ஒவ்வோர் இலக்கமாக ஆங்கிலத்தில் வாசிக்கும். பேனாவோடு உட்காருங்கள், நமக்காக அது நிறுத்தி நிதானமாகச் சொல்லாது. இதைப் படிக்கும் வேறு யாராவது பழைய லிங்க்சிஸ் பிஏபி2டி அடாப்டர் வைத்திருந்தால், அதில் நான்கு ஸ்டார், பிறகு 110, கடைசியில் ஹேஷ்.

ஸ்டாரை அழுத்தியும் டயல் டோன் நிற்காமல் அப்படியே கேட்டால் என் கதையைப் படியுங்கள். லாட்ஜ்களுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் இன்டர்காம் போட்டுத் தருவது என் தொழில். கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இதே பிரச்சினை. நானும் ஸ்டார் ஸ்டார் ஸ்டார் என்று தட்டுகிறேன், பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. கேபிளை மாற்றினேன், நாலு முறை ஆஃப் செய்து ஆன் செய்தேன். முதலாளி வந்து நின்று, "தம்பி, பேசாம புது டப்பா வாங்கிடலாமா?" என்றார். "இருங்கண்ணே, பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டேனே தவிர, வியர்த்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் காதில் உறைத்தது: எண்ணை அழுத்தினால் 'பீப்' என்று வரவேண்டிய இடத்தில் 'டக் டக் டக்' என்று வருகிறது. போனைத் திருப்பிப் பார்த்தால், அடியில் இருக்கும் டோன் பல்ஸ் சுவிட்ச் பல்ஸ் பக்கம் நகர்ந்து கிடந்தது. துணியால் துடைத்தபோது யார் கை பட்டதோ. பல்ஸில் 5 அழுத்தினால் லைனை ஐந்து முறை வெட்டி ஒட்டும், அவ்வளவுதான். ஸ்டாருக்கும் ஹேஷுக்கும் பல்ஸ் முறையில் இடமே இல்லை. அடாப்டர் டோனுக்காகக் காத்திருக்க, நான் வேறு பாஷையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சுவிட்சை நகர்த்தியதும் முதல் தடவையே குரல் வந்தது. முதலாளி சிரித்தார். அன்றைக்குக் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, எண் கிடைத்துவிட்டது. உடனே பிரவுசருக்கு ஓடாமல் உங்கள் கணினியின் எண்ணையும் பாருங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள், மொபைல் என்றால் வை-ஃபை விவரத்திலேயே இருக்கும். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். அடாப்டர் 192.168.0.23, கணினி 192.168.1.7 என்றால் இரண்டும் வேறு வேறு தெருவில் இருக்கின்றன. ஃபைபர் கம்பெனி வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று, நாம் காசு கொடுத்து வாங்கி அதன் பின்னால் சொருகிய ரூட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும் வீடுகளில் இதுதான் வழக்கமான சிக்கல். நம் ரூட்டருக்குள் இருக்கும் கணினி வெளியே ஃபைபர் பெட்டியில் சொருகிய அடாப்டரைப் பெரும்பாலும் எட்டிவிடும். தலைகீழாக, அடாப்டர் உள்ளேயும் கணினி வெளியேயும் இருந்தால் எட்டாது, நம் ரூட்டர் வாசலிலேயே மறித்துவிடும். அடாப்டர் எதில் சொருகியிருக்கிறதோ அதன் வை-ஃபைக்கே கணினியையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. கெஸ்ட் வை-ஃபையில் இருந்துகொண்டு முயற்சி செய்யாதீர்கள். ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். மொபைலில் பார்ப்பதாக இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

ஒருவேளை 02 அழுத்தும்போது அதே பழைய 192.168.1.50ஐயே வாசிக்கிறதா? புது ரூட்டர் வேறு வரிசையில் எண் கொடுக்கிறதா? அப்படியென்றால் யாரோ முன்பு அதை நிலையான முகவரியாகப் போட்டிருக்கிறார்கள். மறுபடி மூன்று ஸ்டார், 01 அழுத்துங்கள். ஸ்டாடிக்கா டிஹெச்சிபியா என்று சொல்லும். 9 அழுத்தினால் மாறிக்கொள்ளும். பிறகு அடாப்டரை ஒருமுறை அணைத்துப் போடவேண்டும், அப்போதுதான் மாற்றம் ஏறும். நிலையான எண்தான் வேண்டுமென்றால் ஸ்டாடிக்கிலேயே விட்டு, 02க்குப் பிறகு 12 இலக்கமாக அழுத்தலாம். புள்ளி கிடையாது, குறையும் இடத்தில் பூஜ்ஜியம்: 192.168.0.26 என்பதை 192168000026 என்று அடிக்கவேண்டும். வெறும் பூஜ்ஜியங்களாகவே வாசித்தால் ரூட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை என்று பொருள். கேபிளைப் பாருங்கள்.

அடுத்தது பிரவுசர். இப்போதைய பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்புக்குத் தாவப் பார்க்கும். பழைய அடாப்டர்கள் சாதா எச்டிடிபியில்தான் பேசும். அதனால் வெறும் எண்ணை மட்டும் போடாமல், முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்வுக்கோடு எல்லாம் சேர்த்து அடியுங்கள். பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டிதானே, தொடரலாம்.

பிங் செய்தால் (கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தால்) பதில் வருகிறது, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் அடாப்டருக்குள் வெப் பக்கம் அணைந்திருக்கலாம், அல்லது பக்கம் திறக்கும் போர்ட் எண்ணை (வாசல் எண் மாதிரி) யாராவது மாற்றியிருக்கலாம். உங்கள் எச்டி802க்கு நெட்வொர்க் கேபிள் சொருகும் போர்ட் ஒன்றுதான். எச்டி812 போல இரண்டு போர்ட் உள்ளவற்றில் வேன், அதாவது வெளி நெட்வொர்க் பக்கத்திலிருந்து வரும் அணுகலைத் தனியாக மூடிவைக்க முடியும். அங்கே குரல் மெனுவில் 12, பிறகு 9. லிங்க்சிஸில் நான்கு ஸ்டாருக்குப் பிறகு 7932 ஹேஷ், 1 ஹேஷ்.

பக்கம் திறந்து பாஸ்வேர்ட் கேட்டால், பழைய எச்டி802களில் பயனர் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். புதியவற்றில் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் தனி பாஸ்வேர்ட் அச்சிட்டிருக்கும். இரண்டும் எடுபடாவிட்டால்தான் ரீசெட். அதற்கு முன் நில்லுங்கள்: சிப் (இன்டர்நெட் போன் கணக்கு) பயனர் பெயர், பாஸ்வேர்ட், சர்வர் முகவரி மூன்றும் உங்களிடம் எழுத்தில் இருக்கிறதா? ரீசெட் செய்தால் எல்லாம் அழியும். பக்கம் திறக்காமல் போன் மட்டும் வேலை செய்வதைவிட, பக்கம் திறந்து போன் செத்துக்கிடப்பது மோசம். சேவை நிறுவனம் கொடுத்த பூட்டிய அடாப்டர் என்றால் ரீசெட்டும் உதவாமல் போகலாம். ஆன் ஆனதும் அவர்கள் சர்வரிலிருந்து பழைய பூட்டையே திரும்ப இறக்கிக்கொள்ளும் வகைகள் உண்டு.

ரீசெட்டுக்கு ஊசியால் பின்னால் உள்ள துளையில் 7 விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். போன் வழியாகவும் செய்யலாம்: மூன்று ஸ்டாருக்குப் பிறகு 99 அழுத்தி, ஸ்டிக்கரில் இருக்கும் மேக் முகவரியை (அந்தப் பெட்டிக்கே உரிய 12 எழுத்து அடையாள எண்) அடிக்கவேண்டும். அதில் ஏ வந்தால் 22, பி வந்தால் 222, சி என்றால் 2222, டி 33, இ 333, எஃப் 3333. இருட்டில் மேசைக்கடியில் குனிந்து இதை ஒருமுறை செய்து பார்த்தவன் சொல்கிறேன், ஊசியே மேல். லிங்க்சிஸ்காரர்களுக்கு நான்கு ஸ்டாருக்குப் பிறகு 73738 ஹேஷ். கீபேடில் எழுத்துகளைப் பார்த்தால் 'ரீசெட்' என்ற ஆங்கிலச் சொல் வரும்.

பக்கம் திறந்தபின் முதல் வேலையாக ரூட்டரின் டிஹெச்சிபி பகுதியில் அடாப்டரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். கும்பகோணத்தில் நான் அப்போது அதைச் செய்யவில்லை. ரிசப்ஷன் போனுக்கடியில் எண்ணை எழுதிச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். இதுவரை அதில் மூன்று எண்கள் அடித்துத் திருத்தியிருக்கிறது, நாலாவதாக "பல்ஸ் சுவிட்ச் பார்க்கவும்" என்று முதலாளி கையெழுத்து.

உங்கள் பெட்டி 02க்கு என்ன எண் வாசித்தது, கணினியின் எண் என்ன என்று இரண்டையும் எழுதுங்கள். மேற்கொண்டு பார்க்கலாம்.