கிண்டிலில் இருந்து நீக்கிய நாவலை கூகுள் பிளேயில் போடலாமா?

நாவலை நீக்கியதாகவும், அமேசானிடமிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததாகவும் எழுதி, அதை கூகுளின் மின்னூல் கடையில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது போடாதீர்கள். கிண்டிலில் இருந்து எடுத்துவிட்டாலும் அமேசானோடு போட்ட ஒப்பந்தம் முடிந்துவிடாது. அமேசானிடமிருந்து உங்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

பதிவேற்றும்போது, கேடிபி (எழுத்தாளர்களே நூல் வெளியிடும் அமேசான் தளம்) நடத்தும் செலக்ட் என்ற திட்டத்தில் சேர ஒப்புக்கொண்டிருப்பீர்கள். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்குப் புத்தகம் போக அதுதான் வழி என்பதால் பலரும் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருமுறை சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவில் இலவசமாகக் கொடுக்கும் பிடிஎஃப் கூடத்தான்! அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியே கொடுக்கலாம்.

கேடிபியில் உங்கள் நூல்களின் பட்டியல் இருக்கும் பக்கமான புக்‌ஷெல்ஃபில் அந்த நூலின் செலக்ட் விவரத்தைத் திறந்து, காலம் என்று முடிகிறது என்று பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு 90 நாள் ஓடும். அந்தத் தேதி கடந்தபின் இபப் (மின்னூல் வடிவம்) கோப்பை கூகுளில் ஏற்றுங்கள்.

அப்புறம், டிஆர்எம் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்ததால் இந்தத் தடையிலிருந்து தப்பலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு மட்டும்தான். எங்கே விற்கலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதிப்பகம் வழியாக வெளியிட்டிருந்தால் மட்டும் கதை வேறு, மின்னூல் உரிமை யாரிடம் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.