பண்டில் ஓடுகிறது, கட்டளையைக் காணோம்

கேள்வி: ஸ்டாக் கணக்குப் பார்க்க ஜாவாவில் ஓர் அப்ளிகேஷன் எழுதியிருக்கிறேன். தனித்தனியாக நிறுத்தவும் கிளப்பவும் முடிகிற பகுதிகளாக, அதாவது பண்டில்களாக, அப்ளிகேஷனைப் பிரிக்கும் ஓஎஸ்ஜிஐ முறைப்படி எழுதியது. ஓஎஸ்ஜிஐக்குக் கட்டளை அடிக்கும் கோகோ ஷெல்லில் 'ஸ்டாக்:லிஸ்ட்' என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. பண்டில்களைப் பட்டியலிடும் 'எல்பி' போட்டுப் பார்த்தால் என் பண்டில் ஆக்டிவ் என்றே இருக்கிறது. லாகிலும் எந்தப் பிழையும் இல்லை. கிளாஸ் மேல் @காம்பொனென்ட் அனோட்டேஷன் போட்டு ஸ்கோப் ('ஸ்டாக்' என்ற முன்பெயர்), ஃபங்ஷன் ('லிஸ்ட்' என்ற கட்டளைப் பெயர்) இரண்டையும் கொடுத்திருக்கிறேன். அது தனிக் கிளாஸ்தான், இன்டர்ஃபேஸ் எதையும் இம்ப்ளிமென்ட் செய்யவில்லை. எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: அந்த இன்டர்ஃபேஸ் விஷயத்தில்தான்.

ஆக்டிவ் என்ற சொல்லை நம்பி ஏமாறாதவர்கள் குறைவு. கடை திறந்திருக்கிறது என்பதால் நாம் கேட்கும் சாமான் உள்ளே இருக்கும் என்றாகிவிடுமா? கோகோ உங்கள் பண்டிலுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. 'ஓஎஸ்ஜிஐ.கமாண்ட்.ஸ்கோப்', 'ஓஎஸ்ஜிஐ.கமாண்ட்.ஃபங்ஷன்' என்ற இரண்டு ப்ராபர்ட்டிகளோடு யாராவது சர்வீஸ் (மற்ற பண்டில்களும் பயன்படுத்தக்கூடிய ஆப்ஜெக்ட்) பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறது. கிளாஸ் ஓர் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்தால் @காம்பொனென்ட் அந்தப் பெயரில் தானாகவே சர்வீஸைப் பதிந்துவிடும். இன்டர்ஃபேஸும் இல்லை, நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் காம்பொனென்ட் உருவாகும், சர்வீஸ் பதிவாகாது. விதிப்படி அது பிழையே இல்லை. லாக் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

அனோட்டேஷனுக்குள் 'சர்வீஸ் = ஆப்ஜெக்ட்.கிளாஸ்' என்று சேர்த்து மறுபடி பில்ட் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை 'இன்ஸ்பெக்ட் கேப் சர்வீஸ்' என்று அடித்து, பக்கத்தில் பண்டில் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இப்போது காலியாக இருக்கும். திருத்திய பிறகு அதே இடத்தில் இரண்டு ப்ராபர்ட்டிகளும் வந்து உட்கார்ந்திருக்கும்.

நான் இதைத் தாண்டி இன்னொரு பள்ளத்தில் விழுந்தவன். இரண்டு கட்டளைகள் வேண்டுமென்று ஃபங்ஷனில் 'லிஸ்ட்,ஆட்' எனக் கமா போட்டு ஒரே வரியில் எழுதியிருந்தேன். சர்வீஸ் பதிவாகிவிட்டது, கட்டளை மட்டும் வரவில்லை. அரைநாள் பண்டிலை நிறுத்துவதும் கிளப்புவதுமாகப் போனது. அப்புறம் 'ஹெல்ப்' அடித்து, நீண்ட பட்டியலை மெதுவாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: கமாவோடு சேர்த்து அதையே ஒரு கட்டளையின் பெயராக வைத்திருந்தது கோகோ! ஒவ்வொரு கட்டளைக்கும் ஃபங்ஷன் வரியைத் தனித்தனியாக எழுத வேண்டும். மெத்தட் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். மெத்தட் பப்ளிக்காகவும் இருக்கட்டும்.

சர்வீஸ் வரியைச் சேர்த்தும் வரவில்லையா? காம்பொனென்ட்களைப் பட்டியலிடும் 'எஸ்சிஆர்:லிஸ்ட்' அடியுங்கள். உங்கள் காம்பொனென்ட் அன்சாட்டிஸ்ஃபைட் என்று நின்றால், அது @ரெஃபரன்ஸ் வழியாகக் கேட்கும் வேறு ஏதோ சர்வீஸ், டேட்டாபேஸ் இணைப்பு மாதிரி ஒன்று, இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். எது என்பதை 'எஸ்சிஆர்:இன்ஃபோ' சொல்லும். 'எஸ்சிஆர்:லிஸ்ட்' கட்டளையே இல்லை என்று ஷெல் சொன்னால், காம்பொனென்ட்களைக் கிளப்பும் ஃபெலிக்ஸ் எஸ்சிஆர் பண்டில் ஓடுகிறதா என்று 'எல்பி' பட்டியலில் தேடுங்கள்.

சிலருக்கு 'எல்பி'யே வராது. அது கோகோ கமாண்ட் என்ற தனி பண்டிலில் இருக்கிறது; அதைப் போடாமல் ஷெல்லை மட்டும் போட்டிருப்பார்கள். 2012-ல் எக்லிப்ஸ் ஜூனோ வந்தபோது அதன் ஓஎஸ்ஜிஐ தளமான எக்வினாக்ஸின் பழைய கன்சோல் போய் கோகோ வந்தது. தேவையான பண்டில்களைச் சேர்க்காதவர்களுக்குக் கன்சோலே எழும்பவில்லை. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கட்டளை வந்த பிறகும் 'ஸ்டாக்:லிஸ்ட்' என்று முழுப்பெயரையே அடியுங்கள். வெறும் 'லிஸ்ட்' என்ற பெயரை இன்னொரு பண்டிலும் வைத்திருக்கலாம்.