இபிஎஃப் பணம் இனி மொத்தமாகக் கிடைக்காதா?

கேள்வி: ஐயா, எனக்கு 53 வயது, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். இனிமேல் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாகத் தரமாட்டார்கள், மாதாமாதம் பென்ஷன் மாதிரிதான் தருவார்கள் என்று சாப்பாட்டுக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். வியர்வை சிந்திச் சேர்த்த காசை இப்படிப் பிடித்து வைக்கலாமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். 2025 ஜூலையில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டத்தில்தான் (அரசாங்கத்தின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம்) இந்த யோசனை வந்தது. கட்டாயமில்லை, விரும்பினால்தான் என்று அரசாங்கம் பிறகு விளக்கமும் கொடுத்துவிட்டது.

ஆனால் யோசனையே தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோவிட் காலத்தில் சிறப்பு அனுமதியில் மட்டும் இபிஎஃப்பிலிருந்து 145 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) வெளியே போனது, அன்றைக்கு அடுப்பெரிய வேறு வழியில்லாமல் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? கணக்கைப் பாருங்கள்: கையில் 240,000 வெள்ளி இருந்தாலும், 20 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000 வெள்ளிதான். கோலாலம்பூரில் அது வாடகைக்கே காணாது.

எனக்கு உண்மையான வருத்தம், சம்பளச் சீட்டே இல்லாமல் லாரி ஓட்டும், உணவு டெலிவரி செய்யும் நம் பிள்ளைகளைப் பற்றித்தான். இபிஎஃப்பின் விருப்பச் சேமிப்பான ஐ-சாரான் திட்டத்தில் அவர்களே பணம் போட்டால் அரசாங்கமும் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. வீட்டில் அப்படி யாரும் இருந்தால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் விஷயம். 55 வயதில் முழுவதையும் எடுக்காதீர்கள். தேவைப்பட்டதை மட்டும் எடுங்கள், மீதிக்கு 100 வயதுவரை டிவிடெண்ட் வரும்.