கேட்டதும் பிடித்ததும்: வாசகர் கேள்வி பதில்

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் பிடித்த பத்துப் பாட்டு, பிடித்த பத்துப் புத்தகம் என்று பட்டியல் போடுகிறார்கள். உங்கள் பட்டியல் எப்போது சார்?
– எஸ்.எம்., கரூர்

பட்டியல் வேண்டாமே. பத்து என்று கணக்கு வைத்துவிட்டால் ஏழாவதுக்கு மேல் நமக்குப் பிடித்ததை எழுத மாட்டோம், நமக்குப் பிடித்ததாக ஊர் நினைக்க வேண்டியதைத்தான் எழுதுவோம். ஒவ்வொன்றாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

சரி, ஒன்றே ஒன்று. எந்த இசை காதில் விழுந்தால் போகிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவீர்கள்?
– வி.ஆர்., மன்னார்குடி

நாதஸ்வரம். அதுவும் கோயில் புறப்பாட்டில், திறந்த வீதியில். நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்றே உருவான வாத்தியத்தை மூடிய அரங்கத்துக்குள் அடைத்து, போதாததற்கு மைக்கும் வைத்தால் காது என்ன செய்யும்?

உங்கள் ஊர்ப் பக்கம் உற்சவத்துக்கா குறைச்சல், ஒரு தடவை வாகனத்துக்குப் பின்னால் போகாமல் மேளக்காரர்களோடு நடந்து பாருங்கள். புறப்படும்போது மல்லாரி வாசிப்பார்கள், கம்பீர நாட்டை ராகத்தில். சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது, ராகமும் தாளக்கட்டும்தான். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு, அதாவது நைவேத்தியத்துக்கு, ஒரு மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஏற்ப வகை உண்டு, விஷயம் தெரிந்தவர் வீட்டுக்குள் இருந்தபடியே இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்புறம்தான் ஆலாபனை. அவசரமே இல்லாமல், வித்வானுக்கு மனசிருந்தால் ஒரு வீதி முழுக்க ஒரே ராகம் ஓடும். ராத்திரி பள்ளியறை நேரத்துக்கு நீலாம்பரி ராகம்.

வாத்தியத்தைச் செய்கிற இடமும் பக்கம்தான், கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தில் கடைவார்கள். அதுவும் புது மரம் உதவாது, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல பத்தாண்டு காய்ந்த உத்தரமும் தூணும்தான் வேண்டும். 2022இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பெல்லாம் திமிரி என்ற குட்டையான நாயனம், சுருதி உச்சத்தில் இருக்கும். இன்று நாம் அதிகம் பார்ப்பது நீளமான பாரி. அதைப் பரவலாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956இல் மறைந்தார், அவர் வாசித்த தோடி ராகத்தின் பதிவு இருக்கிறது. பழைய ஒலித்தட்டின் கரகரப்பைப் பொருட்படுத்தாமல் கேளுங்கள். ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவையும் விட்டுவிடாதீர்கள், அவர் வாசிப்பில் ஒரு குழைவு உண்டு.

கல்யாணங்களில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். முகூர்த்தம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் பந்திக்கு ஓடிவிடும், வித்வான் நிதானமாக ஒரு ராகத்தை எடுப்பது அதற்குப் பிறகுதான். முன்வரிசை நாற்காலி எல்லாம் காலியாக இருக்கும். போய் உட்காருங்கள், சாப்பாடு எங்கும் போய்விடாது.

எனக்கு 38 வயது, வங்கி வேலை. இப்போது நாதஸ்வரம் கற்றுக்கொள்ள முடியுமா?
– ஜி.பி., ஈரோடு

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில் எல்லாம் சொல்லித்தருகிறார்கள், ஆனால் அங்கே வயது வரம்பு உண்டு, உங்களுக்கு அது தாண்டிவிட்டது. உள்ளூர்க் கோயில் வித்வானைப் பாருங்கள், மாலை நேரத்தில் ஒத்துக்கொள்வார். ஆரம்பத்தில் ராகம் வராது, காற்றுதான் வரும். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைப் பத்திரமாக வையுங்கள், நாணலில் செய்தது, லேசாகப் பட்டாலே உடையும். எதிர்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பரீட்சை முடியும்வரை பொறுப்பது நல்லது.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்கிறார்களே?
– டி.எல்., திண்டுக்கல்

மாறும், பகல் மூன்று மணிக்கு அலுவலகத்தில் தலை சாயும். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாலு மணிக்கு எழுவதென்றால் 9 மணிக்குப் படுக்க வேண்டும், சீரியல் ஓடுகிற நம் வீடுகளில் அது நடக்கிற காரியமா? ஒன்பதுக்குப் படுக்க முடிந்தவர்கள் தாராளமாக எழுந்துகொள்ளட்டும். எனக்குப் பிடித்தது மாலை நடை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறது, அதைக் காலையில்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இன்னொன்று, சாயங்காலக் காபி. உடம்பில் போன காபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதாவது 6 மணிக்குக் குடித்ததில் பாதி 11 மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் அந்த டம்ளரைப் பாருங்கள்.

உங்களுக்குப் பிடித்த உணவு?
– ஆர்.என்., விருதுநகர்

ரயிலில், மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் ஊறிய ஆறின இட்லி. வீட்டில் அதே இட்லி பிடிக்காது.

மனசு கனத்துக் கிடக்கும்போது என்ன செய்வீர்கள்? பாட்டு, கோயில், பயணம் என்று எது சொன்னாலும் முயற்சி செய்கிறேன்.
– பெயர் வேண்டாம், சேலம்

சாதாரணச் சோர்வென்றால் நான் அலமாரியை ஒழுங்குபடுத்துவேன், அதற்குமேல் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கிற விதம் வேறாக இருக்கிறது அம்மா. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், பாட்டையும் பயணத்தையும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, மனநல ஆலோசனைக்கான அரசுச் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் ஒளிப்பதில்லை, இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? இந்த வாரமே பேசிவிடுங்கள். பாட்டு அப்புறம் சொல்கிறேன்.

தஞ்சாவூருக்கு அடிக்கடி போவதாக எழுதுகிறீர்கள். பெரிய கோயிலைத் தவிர அங்கே என்ன?
– கே.ஜே., ஓசூர்

அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடம், அங்கே ரிஷபவாகன தேவர். திருவெண்காட்டுச் செப்புத் திருமேனி, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ராஜராஜன் காலம். சிவன் காலை லேசாக மாற்றி வைத்து, காளைமேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். காளைதான் இல்லை. கிடைக்கவேயில்லை. ஆனாலும் அந்தக் கைக்குக் கீழே ஒரு திமில் இருப்பது நமக்குத் தெரிகிறது, சாய்மானத்தில் அவ்வளவு சௌகரியம். தலையில் சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றியிருக்கும், அதில் பாம்பு. பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். ஒரே நாளில் கூடத்தை முழுக்கப் பார்க்கிறேன் என்று ஓடாதீர்கள், பத்துச் சிலைக்கு மேல் எதுவும் மனசில் நிற்காது.

பத்து வயதுப் பையன், எந்நேரமும் போன். ஒருநாள் எங்காவது கூட்டிப்போக வேண்டும், செலவு குறைவாக.
– எம்.எஸ்., காரைக்குடி

பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே, கொள்ளுக்குடிப்பட்டி! திருப்பத்தூர் – மதுரை சாலைப் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அந்த ஊர்க்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பெரியவர்களுக்குக்கூட அது சரி, பட்டாசுக்கு ஏங்குகிற வயதில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து விட்டுக்கொடுக்கிறார்கள் பாருங்கள், உங்கள் பையனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அப்புறம் நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள், அலகின் நடுவில் இடைவெளி இருக்கும், முழுக்க மூடாது, நத்தையைப் பிடிக்க அதுதான் வசதி. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் பெயரை வைத்தே அவன் கண்டுபிடித்துவிடுவான். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை நல்ல பருவம், ஆனால் மழை பொய்த்த வருஷம் என்றால் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று யாரிடமாவது விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலையிலேயே போங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். பைனாகுலர் இரவல் கிடைத்தால் வாங்கிப் பையன் கையில் கொடுத்துவிடுங்கள், போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் பார்க்காமல்.