கேம் விளையாடினால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா?

உங்கள் கேள்வி இதுதான்: மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர், கேம் போட்டால் மட்டும் பட்டென்று அணைந்துவிடுகிறது. கேம் விளையாடித்தான் கெட்டுப்போனது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

நீங்கள் எழுதாததையும் நானே ஊகித்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் அப்பா காசில் வாங்கியது. ரிப்பேருக்கு வந்தவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து உங்கள் தட்டில் சோறு கொஞ்சம் சத்தத்தோடு விழுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே இருந்த கோளாறைக் கேம் வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி என் கதை.

2006, பாளையங்கோட்டை. அப்பா ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். பென்டியம் 4, 256 எம்பி ரேம் இரண்டு, 80 ஜிபி ஹார்டு டிஸ்க், 17 இன்ச் குண்டு மானிட்டர். அம்மா பழைய சேலையில் உறை தைத்துப் போட்டாள். சிபியுவை கம்ப்யூட்டர் மேஜையில் அதற்கென்றே இருக்கும் மூடிய அறைக்குள் தள்ளி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்தோம். தூசி படாமல் பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

எனக்குப் பிடித்த பைத்தியம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999-ல் வந்த கேம், எங்கள் தெருவுக்கு வந்து சேர ஏழு வருஷம் ஆயிற்று. அது எப்படிப்பட்ட சிடி என்று கேட்காதீர்கள். 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது காசு கொடுத்து வாங்கி அந்தப் பாவத்தைக் கழித்துவிட்டேன். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கையில் மூன்று கிராமத்து ஆட்கள், ஒரு குதிரைக்காரன், ஊர் நடுவில் ஒரு மண்டபம். இவ்வளவை வைத்துக்கொண்டு ஆடு தேடி, மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி 200 தலை வரை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட குடித்தனம் நடத்துவது போலத்தான். கையில் மரம் தீர்ந்த நேரம் பார்த்து எதிரி படையோடு வருவான், மாதக் கடைசியில் விருந்தாளி வருவது போல. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத எனக்கு, இத்தனை ஆள் மரத்துக்கு, இத்தனை ஆள் தங்கத்துக்கு என்று பிரித்துப்போடுகிற கணக்கு மட்டும் அப்படியே வந்தது.

சரியாக இரண்டு படையும் முட்டுகிற நேரத்தில் ‘டப்’. திரை கருப்பு. ஒன்றரை மணி நேர ராஜ்ஜியம் போச்சு.

சர்வீஸ்காரர் மூன்று தடவை வந்தார். முதல் தடவை ஃபார்மட், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. இரண்டாம் தடவையும் ஃபார்மட், இரண்டு தடவையும் 300 ரூபாய். மூன்றாம் தடவை அப்பாவிடம், “சார், பையன் கேம் விளையாடுதான்லா, அதான் போர்டு தாங்கல” என்றார். அவர் போன பிறகு 512 எம்பி ரேம் 256 என்று காட்டியது. என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் எடுத்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். அவர் வருவதற்கு முன்னால் 512 இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன். எல்லாச் சர்வீஸ்காரர்களையும் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், என் மச்சினனே அந்தத் தொழிலில்தான் இருக்கிறான்.

கேம் சிடி பீரோவுக்குள் போனது. நகை, வீட்டுப் பத்திரம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்.

அப்புறம் 2007 கத்திரி வெயில். அப்பா எக்செல்லில் சொசைட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். ‘டப்’. மறுபடி போட்டார். பத்து நிமிஷத்தில் ‘டப்’. கேமை அழித்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்து மூடியைக் கழற்றினோம். பிராசசர் மேலிருக்கிற ஃபேனுக்கும் அதற்கடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. அதைவிட முக்கியம், அந்த ஃபேனை போர்டோடு பிடித்து நிறுத்த நாலு மூலையிலும் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும், அழுத்தினால் ‘க்ளிக்’ என்று உட்காரும். அதில் ஒன்று உட்காரவே இல்லை. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டதால் தகடு பிராசசரைச் சரியாகத் தொடவில்லை. சூட்டைத் தகட்டுக்குக் கடத்துவதற்காக நடுவில் தடவியிருந்த பேஸ்ட்டும் காய்ந்துபோயிருந்தது.

எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் பிராசசருக்குப் பாதி நேரம் ஓய்வு. கேம் ஓடினால் ஓய்வே கிடையாது, சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு எல்லையைத் தாண்டினால் கருகிவிடாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அது பாதுகாப்பு ஏற்பாடு. பாவம், அதைத்தான் நாங்கள் நோய் என்று நினைத்தோம். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து, முளையை அழுத்தி, சிபியுவை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற செட்டிங் திரையில், 78 டிகிரி காட்டியது 50-க்கு வந்தது. அப்பா எட்டிப் பார்த்து, “நான் அன்னைக்கே சொன்னேம்லா, தூசி தட்டுலேன்னு” என்றார். சொன்னதே இல்லை.

இன்னொன்று. கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ் என்கிற, கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டியில் இருக்கிற ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உடம்புத் தகட்டுக்கு வரும். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் நம் விரலுக்கு. பின்னாளில் நான் குடியிருந்த வாடகை வீட்டில் மூன்று துளை பிளக் எல்லா அறையிலும் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இதுக்கு முன்னால இருந்தவங்க யாரும் சொல்லலையே” என்றார். அதே மனிதர் காலி செய்யும்போது வெள்ளையடிக்கிற கூலி என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவரும்போது சுவரில் பழைய காலண்டர் ஆணிகள் பதினேழு இருந்தன, அதற்கு யாரிடம் கூலி கேட்பது? சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஹார்டுவேர் படித்தவன் இல்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டவன். முதலில் பயாஸுக்குள் போய் பிராசசர் சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால் தூசி, ஃபேன், பேஸ்ட் என்று பாருங்கள். பிராசசரோடு இன்டெல் கொடுக்கிற ஃபேன்களில் இன்றைக்கும் பெரும்பாலும் அதே முளைதான். சூடு சரியாக இருந்தும் கேம் தொடங்கிய உடனே அணைகிறது, தனி கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது என்றால் எனக்கு எஸ்.எம்.பி.எஸ் மேல்தான் சந்தேகம் வரும். கேபினட்டோடு இனாமாக வருகிறதே அந்த வகை என்றால் இன்னும் கூடுதலாக. ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நண்பரிடம் நல்லதாக ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் ஃபார்மட் செய்ய மட்டும் யாரையும் விடாதீர்கள்.

2022-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வந்த கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். உருமி வாள் வீரன் உண்டு, திரிசடை என்ற கப்பல் உண்டு, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதையும் உண்டு. குதிரைப்படைதான் சவலை. அப்பா இப்போது ரிட்டயர்டு. ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் விடும் கட்டத்தை நான் விளையாடினால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் கப்பலெல்லாம் கரை சேருகிற நேரத்தில் தெரு முழுக்கக் கரண்ட் போய், பேட்டரி செத்த யுபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது. இருட்டில் அவர் குரல் வந்தது: “கேம் போட்டாலே இப்படித்தாம்லே.”