ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாயிண்ட்ஸ் கொடுத்து பிசினஸ் கிளாஸில் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: விமானப் பயண நேரம் ஒரு மணி, கூடிப்போனால் ஒன்றரை. கையில் கொஞ்சம் பாயிண்ட்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கக்கூடிய விமான நிறுவனப் புள்ளிகள், சேர்ந்திருக்கிறது. எக்கானமிக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் பிசினஸ் கிடைக்கும். கொடுக்கலாமா?

நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். ஒரு முறை வீணாய்ப் போனது. இன்னொரு முறை, அதைவிட அதிகம் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் கொடுத்திருப்பேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

முதல் முறை தனியாகப் போனேன். வேலை விஷயமாக ஒன்றரை வருடம் அலைந்து சேர்த்த பாயிண்ட்ஸ். எக்கானமிக்கு 7,500, பிசினஸுக்கு 15,000 என்று காட்டியது. இருக்கைப் படத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று அகலமான சாய்வு இருக்கைகள். ஆசையோடு எடுத்தேன். புறப்படும் நாளன்று விமானத்தை மாற்றிவிட்டார்கள். ஏறிப் பார்த்தால், எக்கானமியில் இருக்கும் அதே மூன்று பேர் இருக்கை. நடு இருக்கையை மட்டும் காலியாக விட்டு, பின்னால் ஒரு திரை போட்டிருந்தார்கள். கூடுதலாகக் கொடுத்த பாயிண்ட்ஸில் கொஞ்சமாவது திருப்பித் தரும்படி எழுதிக் கேட்டேன். விமானம்தான் மாறியது, வகுப்பு மாறவில்லை என்று பதில் வந்தது. டிக்கெட்டின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தேன், அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த மாதிரி இருக்கை அபூர்வமும் இல்லை. ஐரோப்பாவுக்குள் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ் போன்றவற்றில் பிசினஸ் என்றாலே பெரும்பாலும் இதுதான். காரணம் எளிது. அன்றைக்கு பிசினஸில் எத்தனை பேர் வருகிறார்களோ, அதற்கேற்ப திரையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். இதற்கு நேர் எதிராக, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 300 கிலோமீட்டர்தான். அந்த மாதிரிக் குறுகிய வழிகளில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் போயிங் 737-8 விமானங்களில் முழுதாகப் படுக்கையாகும் இருக்கைகள் உண்டு. அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் முன்பகுதியை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பார்கள். எம்ப்ரேயர் 175 போன்ற சின்ன விமானத்தில்கூட அங்கே ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரட்டை இருக்கை. உட்கார நிஜமாகவே நன்றாக இருக்கும். ஆனால் உள்நாட்டுப் பயணத்தில் அந்த டிக்கெட்டை வைத்து மட்டும் பொதுவாக லவுஞ்சுக்குள், அதாவது விமான நிலையத்தின் தனிக் காத்திருப்பு அறைக்குள், போக முடியாது. ஆக, பிசினஸ் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த பிசினஸ் என்று பாருங்கள். இருக்கை எழுத்துகளை நம்பாதீர்கள். நடு இருக்கையைக் காலியாக விடும் விமானத்திலும் ஏ, சி, டி, எஃப் என்றுதான் இருக்கும், நிஜமான இரண்டு-இரண்டு அமைப்பிலும் பல நேரம் அதே எழுத்துகள்தான். விமானத்தின் வகையையும், இரண்டு வரிசைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் என்பதையும் தேடிப் பாருங்கள். 30, 31 என்று இருந்தால் அது எக்கானமி இருக்கையேதான்.

மேலே போன பிறகு அனுபவிக்கக் கிடைக்கும் நேரமும் சொற்பம். 70 நிமிடப் பயணத்தில் விமானம் மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்குமே பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருக்கும் அரை மணியில் ஒரு தட்டு வரும், சாப்பிட்டு முடிப்பதற்குள் அதைத் திரும்ப எடுக்க வந்து நிற்பார்கள். ஆகாயத்தில் இருக்கும் அந்த அரை மணிக்காக மட்டும் இரண்டு மடங்கு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பலன் இருப்பது தரையில். நீண்ட வரிசையில் நிற்காமல் பெட்டியைப் போடலாம், சில விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனைக்கும் தனி வரிசை, உட்கார்ந்து சாப்பிட லவுஞ்ச், கூடுதல் எடைக்கு அனுமதி, இறங்கிய பின் பெட்டி சீக்கிரம் வருவது. ஆனால் இவை யாருக்கு? முதல் முறை நான் ஒரு தோள்பையோடு, வீட்டிலேயே செக்-இன் முடித்துக்கொண்டு, கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது போனேன். லவுஞ்சில் 20 நிமிடம் இருந்தேன். மற்ற எதையும் நான் தொடவே இல்லை.

இரண்டாவது முறை அம்மாவோடு போனேன். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம். பறக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஆனால் காலை மடக்கி வைத்து வெகுநேரம் உட்கார முடியாது, கூட்டத்தில் இடிபட்டால் பயந்துவிடுவார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சக்கர நாற்காலி உதவிக்கு பிசினஸ் டிக்கெட் தேவையில்லை. எக்கானமிக்கும் அது இலவசம், முன்கூட்டியே கேட்டு வைத்தால் போதும். அதற்காக மட்டும் பாயிண்ட்ஸைச் செலவழிக்காதீர்கள்.

நான் எடுத்தது வேறு காரணத்துக்கு. இருக்கை தேர்ந்தெடுக்கும்போது முதல் வரிசையை விட்டுவிட்டேன். இடம் தாராளமாகத் தெரியும், ஆனால் எதிரே சுவர். காலை முழுதாக நீட்ட வழியில்லை. இரண்டாவது வரிசையில் நடைபாதை ஓரம், அறுவை செய்த கால் நடைபாதைப் பக்கம் வரும்படி எடுத்தேன். விமானம் அன்றைக்கு மூன்று மணி நேரம் தாமதம். கீழே கேட் அருகே உட்கார இடமில்லாமல் ஜனங்கள் தரையில் இருந்தார்கள். அம்மா லவுஞ்சில் ஒரு சோபாவில் காலை நீட்டி, கொஞ்சம் தூங்கி, எழுந்து சூடாக ஏதோ சாப்பிட்டு, பத்தடியில் இருந்த கழிப்பறைக்கு என் கையைப் பிடிக்காமல் தனியாகப் போய்வந்தார். ஏறும்போதும் முதலில் கூப்பிட்டார்கள். பின்னாலிருந்து யாரும் நெருக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை எக்கானமி டிக்கெட்டோடு கழித்திருந்தால் இறங்கும்போது அவரால் நடந்திருக்க முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

கணக்குப் போடும்போது பலர் செய்யும் தவறு ஒன்று. பிசினஸ் டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் எவ்வளவு என்று பார்த்து, அதைப் பாயிண்ட்ஸால் வகுத்து, ஆஹா நல்ல மதிப்பு என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த விலையைக் கையிலிருந்து கொடுக்க மாட்டீர்கள் என்றால் அந்த விலை உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. எக்கானமிக்கும் பிசினஸுக்கும் இடையில் உள்ள அந்த 7,500-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே 7,500-இல் இன்னொரு எக்கானமி பயணம் இருக்கிறது. எது வேண்டும் என்று அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திட்டத்துக்குத் திட்டம் விதியும் வேறு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் எல்லாம் பயன்படுத்தும் ஏவியோஸ் என்ற பாயிண்ட்ஸில், பல வழிகளுக்கு தூரத்தை வைத்துத்தான் பாயிண்ட்ஸ் கணக்கு. தூரம் குறைந்தால் பிசினஸுக்கான கூடுதலும் குறைவாக இருக்கும். வேறு சில திட்டங்களில் ஊர் விட்டு ஊர் போய் நீண்ட தூர விமானம் பிடிப்பதாக இருந்தால், முழுப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே பாயிண்ட்ஸ்தான். அப்போது நீண்ட தூரத்துக்கு பிசினஸ் எடுத்தால் சின்ன விமானத்திலும் பிசினஸ் தனிச் செலவே இல்லாமல் வரும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாயிண்ட்ஸ் டிக்கெட்டுக்கும் வரியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும், சில இடங்களில் அது வகுப்பைப் பொறுத்துக் கூடும். பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானங்களில் பயணிகள் வரி பிசினஸுக்கு எக்கானமியைவிட அதிகம்.

அடுத்த மாதம் அதே வழியில் மறுபடி போகிறேன். போகும்போது நான் மட்டும், அதனால் எக்கானமியில் ஜன்னல் ஓரம் ஒன்று. திரும்பும்போது அம்மாவும் வருகிறார். இரண்டு பிசினஸ் இருக்கை எடுத்தாகிவிட்டது, இரண்டாவது வரிசையில்.