வாரியத்துக்கு இந்த அதிகாரம் உண்டா?

கே: தெருவில் மெட்ரோ வாட்டர் குழாய் இருக்கிறது, நாங்கள் இணைப்பு வாங்கவில்லை, போர்வெல்தான். ஆனாலும் குடிநீர் வரி கேட்கிறார்கள். ஒரு வாரியம் வரி போடலாமா சார்? (கொளத்தூர்)

வாரியம் தானாக எதுவும் போட முடியாது. சட்டம் கொடுத்தால் போடலாம். மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்துக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம், வரி, கட்டணம் இரண்டையும் போடும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறது. கட்டணம் நீங்கள் வாங்கும் சேவைக்கு. வரிக்கு அப்படிக் கணக்கு கிடையாது; 1954-லேயே சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பேசிவிட்டது. அதனால் 'ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை' என்ற வாதம் மட்டும் போதாது. நோட்டீஸில் எந்தப் பிரிவைக் குறித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிரிவே இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

கே: மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கான தனிச்சட்டம் தேடித் தேடிக் கிடைக்கவில்லை. (வியாசர்பாடி)

கிடைக்காது, ஏனென்றால் இல்லை. 'கழகம்' என்ற பெயர்தான் குழப்புகிறது. அது கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனி. முழுப்பெயரின் கடைசியில் 'லிமிடெட்' ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் அதிகார எல்லையை அமைப்பு ஆவணத்தில் (கம்பெனி என்னென்ன செய்யலாம் என்று எழுதிப் பதிவு செய்த பத்திரம்) தேடுங்கள்.

கே: எல்லோரும் சம்மதித்துத் தீர்மானம் போட்டால் வாரியப் பணத்தை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கலாமா? (மயிலாப்பூர்)

இதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆவதற்கு முந்தைய வருடம், 1955-இல், சென்னையில் இருந்த யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தது. பங்குதாரர்களே கூடிப் போட்ட தீர்மானம். பின்னால் அந்தக் கம்பெனியின் இடத்துக்கு வந்த எல்ஐசி அந்தப் பணத்தைக் கேட்டது. அறங்காவலர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார்! 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கம்பெனியின் நோக்கத்துக்கு உதவாத செலவு அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, எல்லோரும் கை தூக்கினாலும் செல்லாது. பணத்தைத் திருப்பித்தான் கட்ட வேண்டியிருந்தது. அது கம்பெனி வழக்குதான். ஆனால் சட்டத்தால் பிறந்த வாரியத்துக்கும் கணக்கு இதுவே: சொன்ன வேலை, அதற்கு நியாயமாகத் தேவைப்படும் துணைவேலை, அவ்வளவுதான். தண்ணீர் வாரியம் லாரி வாங்கலாம். சட்டத்தில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கல்யாண மண்டபம் கட்டினால் கேள்வி வரும்.

கே: 'போர்டு ரெகுலேஷன்' என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். (வேளச்சேரி)

விதி (ரூல்) அரசு போடுவது, ஒழுங்குமுறை (ரெகுலேஷன்) வாரியம் போடுவது. இரண்டுமே சட்டத்தை மீறக் கூடாது. அந்த ஒழுங்குமுறையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். நகலோடு எந்தப் பிரிவின் கீழ் போட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் நகல் மட்டும் வந்தால் மறுபடி 10 ரூபாய்.